கண்ணாடி மரத்தின் விதைகள்

உங்கள் நிழல் இதுவரை எதன்மேல் விழுந்திருக்கிறது என்று எப்போதாவது திரும்பிப் பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் ஒதுங்கிய நிழல்களைப் பற்றி நான் கேட்கவில்லை. அவை உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும், வெயிலில் நடந்தவர் எவரும் அவற்றை மறப்பதில்லை. பிறந்தது முதல் உங்கள் காலடியில் ஒட்டிக்கொண்டு தரையில் இழுபட்டு வரும் உங்கள் சொந்த நிழலைப் பற்றிக் கேட்கிறேன். அது ஒரு நாளாவது, ஓர் எறும்புக்காவது, குளிர்ச்சி தந்ததுண்டா? உடனே பதில் வேண்டாம். வால்மேர் என்ற ஊரில் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

வால்மேர் வடதிசை நாடு ஒன்றில், ஊருக்கு ஊர் பேராலயங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், காடு சூழ்ந்த மலையின் அடியில் இருந்தது. அந்த ஊரார் தங்கள் பேராலயத்தின் தெற்குச் சுவர்ச் சாளரத்தில் ஒரு மரத்தை நிறுத்த விரும்பினார்கள். முழுவதும் வண்ணக் கண்ணாடியால் ஆன மரம்: அடியில் ஈசாய் என்னும் மூதாதை படுத்து உறங்குவார், அவருடைய விலாவிலிருந்து அடிமரம் கிளம்பும், கிளைகளில் அவர் வழிவந்த அரசர்கள் பறவைகளைப் போல அமர்ந்திருப்பார்கள், உச்சியில் தாயும் குழந்தையும் இருப்பார்கள். மற்ற ஊர்களிலும் அப்படிப்பட்ட மரங்கள் உண்டு. வால்மேரின் மரம் அவை எல்லாவற்றையும் விட உயரமாக இருக்கவேண்டும் என்பது மட்டுமே ஊராரின் ஆசை. அந்த ஆசையில் குற்றம் ஒன்றும் இருப்பதாக அப்போது யாருக்கும் படவில்லை.

அதை வரைந்தவள் ஓதிலா, ஊரில் கண்ணாடி ஓவியப் பட்டறை நடத்தியவள். அந்தக் காலத்துக் கண்ணாடி ஓவியர்களுக்கு மரம் வரைவதில் ஒரு நெறி இருந்தது: காட்டைப் பார்த்து வரையக்கூடாது. காட்டு மரம் கோணும், பூச்சி அரிக்கும், ஒரு நாள் பட்டுப்போகும். சாளரத்து மரமோ சொர்க்கத்து மரம், அதில் இந்த மண்ணின் எந்த மரத்தின் சாயலும் இருத்தலாகாது. ஆகவே அடிமரம் வெண்மையாகவோ மஞ்சளாகவோ நிற்கும், கிளைகள் சுழித்துச் சுழித்துத் தங்களையே தழுவிக்கொள்ளும், ஒவ்வொரு கிளை நுனியிலும் இலைகள் குடைக்காளான்போல் ஒரே கொத்தாகக் குவிந்திருக்கும், இலை ஒவ்வொன்றும் விரித்த உள்ளங்கைபோல் ஐந்து மடல் கொண்டிருக்கும், பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பும் சிவப்புக்குப் பக்கத்தில் நீலமுமாக அவை ஒளிரும். நம் ஊர்த் தேர்களில் தச்சர்கள் செதுக்கும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொடி எந்தத் தோட்டத்தில் முளைத்தது என்று நாம் கேட்பதில்லை அல்லவா? காயோ கனியோ விதையோ அந்த மரத்தில் வரைவதில்லை. சாகாத மரத்துக்கு விதை எதற்கு என்பது பட்டறைகளின் எண்ணம்.

சுண்ணம் பூசிய பெரும் பலகையில் ஓதிலா மரத்தைக் கரியால் முழு அளவில் வரைந்தாள், வண்ணக் கண்ணாடித் தகடுகளை அதன்மேல் வைத்துப் பழுக்கக் காய்ச்சிய இரும்புமுனையால் கோடிழுத்துப் பிளந்தாள், இரும்புத் துருவையும் கண்ணாடித் தூளையும் திராட்சை மதுவில் குழைத்த கருமையை இலைகளின்மேல் பூசினாள், அது காய்ந்ததும் கூர்சீவிய குச்சியால் கீறிக் கீறி நரம்புகளை வெளிச்சமாக்கினாள், சூளையில் வேகவைத்தாள், ஈயப் பட்டைகளால் கோத்தாள். அப்படியே பல ஆண்டுகள் போயின.

அவளுடைய கணவன் ரெனோ சாம்பல் எரிப்பவன். மணல் தானாக உருகிக் கண்ணாடியாவதில்லை. அதனோடு இரு பங்கு மரச்சாம்பல் சேரவேண்டும், அதிலும் சாம்பல்நிறப் பட்டையும் வழவழப்பான உடலும் கொண்ட பீச் மரத்தின் சாம்பலே சிறந்தது. ஒரு வண்டி விறகு எரிந்தால் ஒரு கூடை சாம்பல். ஒரு கூடை சாம்பலுக்குக் கையகலக் கண்ணாடி. ரெனோ ஒருவன் எரித்துத் தீராது என்பதால் ஊரில் ஒரு வழக்கம் ஏற்பட்டது: ஒவ்வொரு திருநாளிலும் ஒவ்வொரு வீடும் ஒரு கூடை பீச் சாம்பலைப் பீடத்தின் முன் காணிக்கை வைக்கவேண்டும். மணமக்கள் சாம்பல் கொண்டுவந்தார்கள், பிள்ளை பெற்றவர்கள் சாம்பல் கொண்டுவந்தார்கள், பாவம் செய்தவர்கள் இரண்டு கூடை கொண்டுவந்தார்கள். காடு கூடை கூடையாகப் பேராலயத்துக்குள் நுழைந்தது. கடைசி அரசன் கிளையில் அமர்ந்த நாளில் மலை முழுவதும் மொட்டையாகிவிட்டது. ஊருக்குத் தண்ணீர் தரும் ஊற்றின் தலைமாட்டில் மட்டும் ஒரு சிறு தோப்பு மிஞ்சியிருந்தது.

சாளரம் திறந்துவைக்கப்பட்ட கோடையில்தான் மழை முதன்முறையாகப் பொய்த்தது. அந்தக் கோடையில்தான் கண்ணாடி மரம் நிழல் தரத் தொடங்கியது.

அதை முதலில் கண்டுகொண்டது ஒரு நாய். தெற்குச் சாளரத்தின் வழியே வண்ணங்கள் கல்தரையில் விழுந்திருந்த இடத்தில் அது வந்து படுத்து, வயிற்றைத் தரையோடு பரப்பி, நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கிப்போனது. அதை விரட்ட வந்த, ஆலயத்தைக் கூட்டித் துடைக்கும் கோவில்பிள்ளை அந்த வண்ணத்துக்குள் காலை வைத்ததும் விரட்ட மறந்து தானும் உட்கார்ந்துவிட்டார். அங்கே ஆலமரத்தடிபோல் குளிர்ந்தது. காற்று அசையாத நாளிலும் இலைகள் உரசும் ஓசை மேலிருந்து வந்தது. சில நாட்களில் கற்களின் இடுக்கில் பாசி படர்ந்தது, பிறகு புல் முளைத்தது, ஒரு குயில் கூவியது. கண்ணாடி எப்படி நிழல் தரும் என்று வால்மேரில் யாரும் கேட்கவில்லை. நாயை உள்ளே விடலாமா கூடாதா என்றுதான் பெரிய வழக்கு நடந்தது.

பிறகு ஒழுங்குகள் பிறந்தன. தாவீது அரசரின் கீழ் விழும் நிழலில் அழுகிற பிள்ளைகள் தூங்கிவிடும் என்பதால் அந்த இடம் தாய்மார்களுக்கு. சாலமோனின் கீழ் பங்காளிகள் உட்கார்ந்தால் சண்டை தணியும் என்பதால் அந்த இடம் நிலத்தகராறு உள்ளவர்களுக்கு. யாருக்கும் பெயர் தெரியாத ஓர் அரசரின் கீழ் வெண்ணெய் உருகாமல் இருந்ததால் ஆடு மேய்க்கும் செனெவ் என்பவளும் அவளுடைய தங்கைகளும் அந்த அரசரைத் தங்கள் குலக்காவலராக அறிவித்துக்கொண்டார்கள். சிவப்பு இலையின் நிழலில் பால் திரிகிறது என்று புகார் வந்தது. நீல இலையின் நிழலில் மாவு புளிக்கவில்லை என்று ரொட்டிக்காரர் குறைப்பட்டார். சூரியன் நகர நகர நிழல் காலையில் மேற்குச் சுவரிலிருந்து கிளம்பி மாலையில் கிழக்குத் தூண்களை அடையும். ஊர் முழுவதும் பாயும் முக்காலியும் தொட்டிலும் தூக்கிக்கொண்டு மந்தைபோல் அதன் பின்னே நகர்ந்தது. ஆலயத் தலைமைக் குரு தந்தை கிலாது பிரசங்க மேடைக்குச் சக்கரம் வைக்கச் சொன்னார். சக்கரமில்லாத பிரசங்க மேடை எப்படிப் பயன்படும் என்று அந்த ஆண்டுகளில் பேசக் கற்ற குழந்தைகள் வியந்தார்கள்.

வெளியே நிழல் இல்லாதது யாருக்கும் உறைக்கவில்லை, உள்ளே நிழல் இருந்தது. மலையிலிருந்து மண் சரிந்து வயல்களை மூடியபோது சரிந்த மண்ணை ஒரு பக்கமாக ஒதுக்கினார்கள். கிணறுகள் இறங்கியபோது கயிற்றை நீளமாக்கினார்கள். கேளுங்கள், அன்பர்களே, அழிவு ஒரு வீட்டுக்குள் கதவை உடைத்துக்கொண்டு வருவது அபூர்வம். நாம் ஒவ்வொரு நாளும் கயிற்றில் ஒரு முழம் கூட்டுகிறோமே, அந்த ஒரு முழத்தின் வழியாகத்தான் அது இறங்கி வருகிறது.

இந்த நிழல் எல்லாருக்கும் சுகம். ரெனோவுக்கு மட்டும் அது உயிர். வாழ்நாளெல்லாம் பீச் மரப் புகையை உள்ளிழுத்த அவனுடைய நெஞ்சு வெந்துபோயிருந்தது. வெயிலில் நான்கு எட்டு வைத்தால் மூச்சு சீட்டியடித்து நின்றுவிடும். கண்ணாடி மரத்தடியில் மட்டும் அது தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வந்தது. அவன் தன் முக்காலியை நிழலோடு நகர்த்தியபடி, மனைவி சாளரத்தின் ஈயத்தைச் சோதிக்க ஏணியில் ஏறும்போதெல்லாம் கீழிருந்து கேலி பேசிக்கொண்டிருந்தான்.

“ஏண்டி ஓவியக்காரி, இவ்வளவு இலை வச்சியே, ஒரு பழம் வச்சியா? நிழல்ல உக்காந்துட்டு சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவேண்டியிருக்கு.”

“நீ எரிச்ச மரத்துல இருந்த பழத்தையெல்லாம் என்ன பண்ணின?” என்று அவள் மேலிருந்து கேட்டாள்.

“அதையும் சேத்துத்தான் எரிச்சேன்,” என்றான் ரெனோ. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மூன்றாவது கோடையில் முதல் இலை உதிர்ந்தது. அடிக்கிளையின் பச்சை இலை ஒன்று தன் ஈயக் கட்டிலிருந்து விடுபட்டு, கண்ணாடி விழுவதுபோல் விழாமல், இலை விழுவதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மிதந்து வந்து, உடையாமல் தரையைத் தொட்டு, மாலைக்குள் ஒரு சிட்டிகைச் சாம்பலாகியது. அது இருந்த ஓட்டை வழியாக வெறும் வெயில் ஒரு கத்திபோல் உள்ளே இறங்கி, அதன் கீழ் இருந்த புல்லைக் கருக்கியது. மறுநாள் இன்னும் சில உதிர்ந்தன. பாய்கள் நெருக்கிப் போடப்பட்டன. சாலமோனின் கீழேயே பங்காளிகள் அடித்துக்கொண்டார்கள். ரெனோவின் முக்காலி வெயிலில் அகப்பட்ட ஒரு பிற்பகலில் அவன் உதடுகள் நீலமாகிவிட்டன; செனெவ் அவனை அக்குளில் கைகொடுத்து இழுத்து நிழலில் போட்டாள்.

தந்தை கிலாது ஊரைக் கூட்டினார். புதிய இலைகள் செய்யவேண்டும், செய்வதற்குச் சாம்பல் வேண்டும், ஊற்றின் தலைமாட்டில் தோப்பு இருக்கிறது என்று அவர் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர் என்பதை நீங்கள் மனத்தில் வைக்கவேண்டும். ஓதிலா எழுந்து ஒரு நாள் அவகாசம் கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் தோப்புக்கு ஏறிப் போனாள். ஆயிரமாயிரம் இலைகளை வரைந்த அந்தப் பெண் ஒரு மரத்தின் முன்னால் நின்று அதன் இலையைக் கையில் எடுத்துப் பார்த்தது அன்றுதான். அதற்கு ஐந்து மடல்கள் இல்லை. ஒரே மடல், விளிம்பில் குழந்தையின் நெற்றி மயிர்போல் மெல்லிய ரோமம், நடுநரம்பிலிருந்து இருபுறமும் நேர்க்கோடாக ஓடும் கிளைநரம்புகள். கிளைகளில் முள்தோல் போர்த்த சிறு காய்கள் இருந்தன, பிளந்து பார்த்தாள், வறட்சியில் அவற்றின் உள்ளே பருப்பு பிடிக்கவில்லை, வெறும் கூடு. இந்தத் தோப்பு இந்த ஆண்டு விதைக்கவில்லை, இனி விதைக்க வேண்டுமானால் அது இருக்கவேண்டும் என்ற ஓர் எளிய உண்மை அவளுக்குள் இடிபோல் இறங்கியது. மறுநாள் சபையில் அவள் அதைச் சொன்னாள். தோப்பை விட்டுவைப்போம், நல்ல மழை ஆண்டில் அது விதைக்கும், நாம் நடுவோம் என்றாள்.

“நட்டா எப்போ நிழல் வரும், ஓதிலா?” என்று தந்தை கிலாது கேட்டார்.

“நாப்பது வருஷம் ஆகும், சாமி.”

“இன்னைக்கு வெயில்ல சாகிறவன்கிட்ட நாப்பது வருஷம் பொறுத்துக்கோன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. உனக்கு வருமா? அவன் அங்கேதான் இருக்கான், சொல்லிப் பாரு.”

ரெனோ முக்காலியில் இருந்தான். சபை முழுவதும் அவனைப் பார்த்தது. எல்லாவற்றுக்கும் கேலி பேசும் அவன் அன்று கேலி பேசவில்லை, பயந்தவன் கண்களோடு மனைவியைப் பார்த்து, மற்றவர்கள் கேட்பதைப் பற்றிய வெட்கம் இல்லாமல், “எனக்கு நாப்பது வருஷம் வேண்டாம். இந்த மாசம் வேணும். வரைஞ்சு குடு,” என்றான்.

அவள் வரைந்து கொடுத்தாள். கடைசித் தோப்பு எரிந்தது. அதன் புகை ஊருக்குள் இறங்கியபோது எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஆனால் இந்த முறை ஓதிலாவின் கை பட்டறை நெறியை மீறியது. பார்த்துவிட்ட கண்ணால் பழைய இலையை வரைய முடியவில்லை. ஒரே மடல் கொண்ட மெய்யான பீச் இலையை, அதன் நேர்நரம்புகளோடு, விளிம்பின் ரோமத்தோடு குச்சியால் கீறினாள். இலைகளுக்கிடையே முள்தோல் வெடித்த காய்களையும் வரைந்தாள். உள்ளே இருக்கும் முற்றிய விதையை அவள் கண்டதில்லை, ஆகவே கணவனிடம் கேட்டாள். அவன் இருமலுக்கு நடுவே, மூன்று மூலை இருக்கும், முதுகு பழுப்பாக மினுங்கும், ஒரு தோலுக்குள் இரண்டு விதைகள் முகத்தோடு முகம் வைத்துப் படுத்திருக்கும் என்று சொன்னான். விதை ஒரு பனிக்காலத்தைத் தாண்டும், இரண்டைத் தாண்டாது என்றும் சொன்னான். இவ்வளவு தெரிந்தவனா எரித்தாய் என்று அவள் கேட்கவில்லை. அவன் கேட்கப்பட்டவன்போல் தலை குனிந்துகொண்டான்.

புதிய இலைகள் ஏறியதும் நிழல் முன்னைவிட அடர்த்தியாக வந்தது. ஊர் ஆனந்தப்பட்டது. பிரசங்க மேடையின் சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டார்கள். ரெனோ மீண்டும் கேலி பேசினான். ஊற்று வற்றிப்போனதை இரண்டொருவர் சொன்னார்கள். இன்னும் தூரத்தில் ஓர் ஓடை இருக்கிறது என்று பதில் வந்தது.

எந்த மரத்தின் சாயலும் இல்லாதவரை அந்தக் கண்ணாடி மரத்துக்குப் பருவம் தெரியாது. அது தேய்ந்து தேய்ந்து உதிர்ந்ததே தவிர இலையுதிர்காலம் என்ற ஒன்றை அறிந்ததில்லை. இப்போது மெய்யான மரத்தின் இலை அதன்மேல் இருந்தது. குளிர்காற்று முதன்முதலாக வீசிய காலையில், பூசை நடந்துகொண்டிருக்கும்போதே, பச்சை இலைகள் எல்லாம் பொன்னிறமாகி, செம்பு நிறமாகி, ஒரே நாளில், ஒரே பெருமூச்சாக, பழையவையும் புதியவையும் ஒன்று மீதமில்லாமல் உதிர்ந்தன. தெற்குச் சுவரில் ஈயக் கிளைகள் மட்டும் கருத்து நின்றன. அரசர்கள் மொட்டைக் கொம்புகளில் அமர்ந்து வெயிலில் கண் கூசினார்கள். இலைகள் தரையைத் தொட்டுச் சாம்பலாயின. கண்ணாடிக் காய்கள் தரையைத் தொட்டு வெடித்தன. அவற்றுள்ளிருந்து மூன்று மூலை கொண்ட, முதுகு மினுங்கும், பழுப்பு நிற விதைகள் உருண்டோடின.

உலகத்தில் வேறெந்த ஊராக இருந்தாலும் என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. வால்மேர் மண்டியிட்டது. சாம்பல் காணிக்கை வைத்துப் பழகிய கைகள் ஒரு விதை விடாமல் பொறுக்கின, பட்டில் துடைத்தன, புனிதர்களின் எலும்பை வைக்கும் பொற்பேழையில் இட்டுப் பீடத்தருகில் வைத்தன. விதைகளை எடுத்து நடலாம் என்று ஓதிலா சொன்னபோது தந்தை கிலாது மெய்யாகவே திடுக்கிட்டார்.

“சொர்க்கத்து மரத்தோட விதையைக் கொண்டுபோய் ஆட்டுப் புழுக்கை கிடக்கிற மண்ணுல புதைக்கச் சொல்றியாம்மா? நாலு நாள்ல எலி தின்னும். இங்கே இருந்தா உலகம் உள்ளவரை இருக்கும்.”

அவர் சொன்னதை ஊர் ஒப்புக்கொண்டது. விதைகளைத் தினமும் வரிசையில் வந்து குனிந்து முத்தமிடும் வழக்கம் பிறந்தது. பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பேழையைச் சுற்றி ஒரு போர்வை அகலத்துக்கு நிழலின் குளிர்ச்சி இருந்தது என்பதும் உண்மை. மூச்சு முட்டியவர்களை அதனருகில் கிடத்தினார்கள். ரெனோவின் பாய் எந்நேரமும் அங்கேயே கிடந்தது. அந்தப் போர்வை அகலம்தான் அவனுக்கும் மரணத்துக்கும் இடையில் இருந்த தூரம்.

குளிர்காலம் பாதி கடந்த ஒரு நாள், உணவு கொண்டுவந்த ஓதிலாவை ரெனோ அருகே அழைத்தான். அவன் பேசவில்லை, கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. அவள் உள்ளங்கையை விரித்துத் தன் வாயருகே வைத்தான். ஈரமான ஒரு விதை அதில் விழுந்தது. அவள் திகைத்துப் பேழையைப் பார்த்தாள்.

“முத்தம் குடுக்கத்தானே சொன்னாங்க,” என்று ரெனோ மெதுவாகச் சொன்னான். “எடுத்ததைத் திருப்பிக் குடுக்கணும்னு யாரும் சொல்லலையே.”

“உனக்கு மூச்சு குறையுமேடா.”

“குறையட்டும். அன்னைக்கு சபையில நான் கேட்டதை நெனச்சா அதைவிட அதிகமா முட்டுது. சீக்கிரம் போ. ஒரு பனிக்காலம்னு சொன்னேன்ல? பாதி போயிடுச்சு.”

அன்று முதல் அவன் வரிசையில் ஒருவனாகக் குனிந்து, பக்தியோடு உதடு பதித்து, தினமும் ஒன்றை வாய்க்குள் அடக்கிக்கொண்டு நிமிர்ந்தான். ஒவ்வொரு விதை குறையும்போதும் குளிர்ச்சியின் வட்டம் ஒரு விரல் சுருங்கியது. பக்கத்தில் கிடந்த மற்ற நோயாளிகளின் பாய்களை அவன் நைசாக உள்ளே தள்ளிவிட்டுத் தன் பாயை வெளியே இழுத்துக்கொண்டான். சுருங்கிய ஒவ்வொரு விரல் அகலத்தின் இழப்பும் அவனுடைய பாய்க்கே வந்து சேர்ந்தது. ஓதிலா மலைமேல் வெட்டுண்ட அடிக்கட்டைகளுக்கு நடுவே, ஊற்று இருந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் ஈரம் வைத்திருந்த மண்ணில், விதைகளைப் புதைத்தாள். எலி தின்றது. செனெவின் ஆடுகள் கிளறின. அவள் மறுபடியும் புதைத்தாள். ஒரு மனிதனின் மூச்சை வாய் வாயாக அவன் கையிலிருந்தே வாங்கி மண்ணில் போட்டவள் எப்படி உணவு உண்டாள், எப்படித் தூங்கினாள் என்று என்னைக் கேட்காதீர்கள். அதைச் சொல்லும் சொல் என்னிடம் இல்லை.

விதைகள் குறைவது கடைசியில் தெரிந்துபோயிற்று. தந்தை கிலாது யாரையும் குற்றம் சாட்டவில்லை. முத்தமிட்டவர் ஒவ்வொருவரும் அங்கேயே நின்று உரக்க ஆமென் சொல்லிவிட்டு நகரவேண்டும் என்று மட்டும் ஏற்பாடு செய்தார். செனெவ் சொன்னாள், ரொட்டிக்காரர் சொன்னார், ரெனோ குனிந்து நிமிர்ந்தான். ஆமென் வரவில்லை.

“சொல்லுப்பா ரெனோ,” என்றார் குரு.

ரெனோ உதடுகளை இறுக்கிக்கொண்டு நின்றான். இருமல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே வந்தது. அவன் அதை விழுங்கினான். மறுபடி வந்தது, மறுபடி விழுங்கினான். முகம் கருஞ்சிவப்பாகி, கண்கள் பிதுங்கி, அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. வரிசையின் கடைசியிலிருந்து ஓதிலா ஓடிவருவதற்குள், மொட்டை மரத்தின் ஈயக் கிளைகள் தரையில் போட்டிருந்த கறுப்புக் கோடுகளின்மேல் அவன் விழுந்தான்.

மூச்சுக்கு வழி செய்ய அவன் வாயைத் திறந்தவர் தந்தை கிலாதுதான். நாக்கின் கீழே விதை இருந்தது. அவர் அதை வெகுநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இறந்தவனின் மனைவி தன் கையை ஏந்தி எதிரே மண்டியிட்டிருந்தாள். அவர் அழுதார். அழுதுகொண்டே அந்த விதையைப் பட்டில் துடைத்து, பேழைக்குள் வைத்து, பூட்டினார். வெறுப்போடு பூட்டவில்லை. மரியாதையோடு பூட்டினார்.

பேழையில் இருந்தவை அடுத்த பனிக்காலத்தில் பொடியாயின. வால்மேரில் இன்றும் அந்தப் பொடியை முத்தமிடுகிறார்கள். அதில் இப்போது குளிர்ச்சி இல்லை.

மலையில் ஒன்று முளைத்தது. அத்தனை விதைகளில் ஒன்றே ஒன்று. ரெனோவைப் புதைத்துவிட்டு ஏறிப்போன ஓதிலா அதைக் கண்டாள்: தடித்த இரண்டு விதையிலைகள், விரித்த விசிறிபோல், அவள் வாழ்நாளில் வரைந்த எதனுடைய சாயலும் இல்லாமல் மண்ணைப் பிளந்து நின்றன. உச்சி வெயில் ஏறியதும் அவை துவண்டன. பீச் மரத்தின் கன்றுக்குப் பெரிய மரத்தின் நிழல் வேண்டும். நிழலில்லாமல் அது பிழைப்பதில்லை. மலை முழுவதிலும் பெரிய மரம் ஒன்றுமில்லை. அவள் நாற்புறமும் திரும்பிப் பார்த்தாள், தன் காலடியைப் பார்த்தாள், பிறகு சூரியனுக்கும் கன்றுக்கும் நடுவே போய் நின்றாள்.

சூரியன் நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள். ஊர் முழுவதும் ஒரு காலத்தில் நிழலின் பின்னே பாயைத் தூக்கிக்கொண்டு நடந்தது. அவளோ நிழல் அசையாதிருக்கும்படி தான் சுற்றிவந்தாள். உச்சிப்பொழுதில் நிழல் சுருங்கும்போது குனிந்து முதுகைக் கூரையாக்கினாள். முதலில் ஊர் அவளைப் பைத்தியம் என்றது, பிறகு வழக்கம்போல் பழகிக்கொண்டது. ஊர் மதிலிலிருந்து அவள் நிற்கும் பக்கத்தைப் பார்த்துப் பொழுது சொன்னார்கள். செனெவ் சில நாள் தண்ணீர் கொண்டுவந்து அருகில் வைத்தாள், ‘நீ பெரிய மனசுக்காரி அக்கா’ என்று கண்கலங்கச் சொன்னாள், வெயில் ஏறுமுன் இறங்கிப்போனாள். நின்று மாற்றிவிட ஒருவரும் வரவில்லை. அவளுக்கு வயதாகிக்கொண்டே போனது. கன்று ஒரு சாண் வளர்ந்தது. சாகவேண்டிய வயது வந்தபோது, கன்று இன்னும் இடுப்புயரம்கூட இல்லாததால், அவள் சாகவில்லை. இப்போதும் நிற்கிறாள். அவள் பாதங்கள் கணுக்கால் வரை மண்ணுக்குள் போய்விட்டன, ஆனாலும் வேராகவில்லை. அவை மனிதக் கால்களே, அவை கடுக்கின்றன.

இதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். பெருமூச்சில் நிழல் இல்லை. அவளைப் பாடலாக்க வேண்டாம், சிலை வைக்க வேண்டாம், அவள் பெயரில் விழா எடுக்க வேண்டாம். விதையைப் பொற்பேழையில் வைத்தவர்களும் அன்பினால்தான் வைத்தார்கள். அந்த மலை எங்கே என்று வழி கேட்டுக் காலம் போக்கவும் வேண்டாம். சாலையை அகலப்படுத்த வெட்டிய மரத்தின் அடிக்கட்டை உங்கள் தெருமுனையில் இருக்கிறது, அதன் ஓரத்தில் ஒரு துளிர் இருக்கிறது, அதன்மேல் இந்த நேரத்தில் வெயில் விழுந்துகொண்டிருக்கிறது. உங்களிடம் ஒரு நிழல் இருக்கிறது. இந்தக் கதையைக் கையிலிருந்து கீழே வையுங்கள். நாளைக்கு என்று சொல்லாதீர்கள், நாளைக்கு அது துவண்டுவிடும். ஒரு சொம்புத் தண்ணீரோடு இன்றே, வெயில் ஏறுமுன்பே போய், சூரியனுக்கும் அதற்கும் நடுவே நில்லுங்கள். நீங்கள் நிற்கும் ஒரு நாழிகையாவது ஓதிலா உட்காரட்டும்.